ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளரான அப்பாவின் வாழ்க்கையை எப்படி எழுதுவது?

கேட்டவர் சொன்ன விவரம் சுருக்கமாக இது. அப்பா 1973-ல் மின்வாரியத்தில் சேர்ந்து, 2007-ல் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினம், தஞ்சாவூர், மேட்டூர், கடைசியில் திருச்சி. போன வருஷம் காலமாகிவிட்டார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன புத்தகம் போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. மகன் எழுத உட்கார்ந்தால் "நேர்மையானவர், கடமை தவறாதவர், குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர்" என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. வேலையைப் பற்றி அப்பா வீட்டில் வாயே திறந்ததில்லை. எங்கே ஆரம்பிப்பது, எதையெல்லாம் எழுதுவது, எங்கே முடிப்பது என்று கேட்கிறார்.

தம்பி, நானும் அதே வாரியத்தில் குப்பை கொட்டியவன்தான். கூட வேலை பார்த்தவர்கள் சிலருக்கு இப்படிப் புத்தகம் போட்டபோது அவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்பா ஏன் பேசவில்லை என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் வேலையின் லட்சணம் அப்படி. கரன்ட் இருக்கும்வரை யாருக்கும் எங்கள் ஞாபகம் வராது. போனால்தான் வரும், அதுவும் வசவோடு. "இன்றைக்கு ஒரு ஃபீடரும் டிரிப் ஆகவில்லை", அதாவது துணை மின்நிலையத்திலிருந்து (சப் ஸ்டேஷன்) ஊருக்குப் போகிற எந்த லைனும் தானாக நின்றுபோகவில்லை என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யார் சொல்வார்கள்? சொல்வதற்கு இருப்பதெல்லாம் மோசமான நாட்கள். அவற்றைச் சொன்னால், மறுநாள் காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது வீட்டுக்காரம்மாவின் முகம் மாறிப்போகும். ஆகையால் முக்கால்வாசிப் பேர் செருப்போடு சேர்த்து ஆபீசையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

இதனால் என்ன ஆகிறது என்றால், பிள்ளைகள் எழுதும்போது புத்தகம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. முதல் பாதியில் பதவிப் பட்டியல், இரண்டாம் பாதியில் பாசம். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வேலையும் வீடும் எங்கெல்லாம் முட்டிக்கொண்டனவோ அந்த இடங்களைத் தேடுங்கள். உங்கள் அப்பா என்ன மாதிரி ஆள் என்பது அங்கேதான் தெரியும். தேடுவதற்குப் பீரோவில் இருக்கும் காகிதங்களே போதும், பெரிய எழுத்துத் திறமை தேவையில்லை.

காகிதங்களில் முதலில் எடுக்க வேண்டியது பணிப் பதிவேடு, அதாவது எஸ்.ஆர். அசல் அலுவலகத்தில்தான் இருக்கும். ஆனால் ஓய்வு பெறும்போது உஷாரானவர்கள் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஓய்வூதிய ஆணை, மாறுதல் உத்தரவுகள், பணியில் சேர்ந்த அறிக்கைகள், பி.எஃப். சீட்டுகள், சம்பள உயர்வு ஆணைகள் என்று எது கிடைத்தாலும் சரி. மஞ்சள் பையிலோ பழைய ரெக்சின் சூட்கேசிலோ கட்டாயம் ஏதாவது இருக்கும். எங்கள் தலைமுறை ஆட்கள் காகிதத்தைக் கிழித்துப் போடுகிற ஜாதி இல்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு இடது பக்கம் ஆண்டு, ஊர், பதவி என்று எழுதிக்கொண்டே வாருங்கள். உதவிப் பொறியாளராக எந்தப் பிரிவு அலுவலகம், உதவி செயற்பொறியாளராக எந்த உபகோட்டம், எப்போது சப் ஸ்டேஷன், எப்போது லைன் பக்கம் (கம்பமும் கம்பியும் பார்க்கிற வேலை), எல்லாம் வர வேண்டும்.

வலது பக்கம் வீட்டுக் கணக்கு. கல்யாணம், பிள்ளைகள் பிறந்தது, தாத்தா பாட்டி தவறியது, வீடு கட்டியது, அக்கா கல்யாணம். அப்புறம் முக்கியமாக உங்கள் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ்கள். டி.சி.யைச் சும்மா நினைக்காதீர்கள். அப்பாவுக்கு வந்த ஒவ்வொரு மாறுதலுக்கும் உங்கள் கையில் ஒரு டி.சி. இருந்தால், குடும்பம் அவர் பின்னாலேயே போயிருக்கிறது என்று அர்த்தம். மாறுதல் உத்தரவு இருந்து டி.சி. இல்லையென்றால், நீங்கள் ஒரே ஊரில் படித்தீர்கள், அவர் வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கி ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டார் என்று அர்த்தம். "அப்பா மேட்டூரில் இருந்தார்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிற அந்த வருஷங்களில் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் எந்த பஸ்ஸில் வந்தார், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று அம்மாவைக் கேளுங்கள். ஒரு பக்கம் தேறும்.

இன்னொன்றும் பாருங்கள். பதவி உயர்வு வந்து, இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் ஏதாவது இருக்கிறதா? எங்கள் காலத்தில் இது சகஜம். பதவி உயர்வென்றால் அநேகமாக ஊர் மாற வேண்டியிருக்கும். மகளுக்குப் பிளஸ் டூ, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அப்புறம் சேர்ந்தவன் மேலே போய் அவர்களுக்கே மெமோ கொடுப்பான். இதை எந்தப் பிள்ளையிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அப்பா இறந்த பிறகு அப்படி ஒரு கடிதம் கிடைத்தது. தேதியைப் பார்த்தால் மகன் பத்தாம் வகுப்பில் தேறாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷம். "குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர்" என்ற வரியை அந்தப் பையன் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டு, கடிதத்தை அப்படியே அச்சில் போட்டான். நல்ல முடிவு.

பிறந்த தேதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் எஸ்.ஆர்.-ல் இருக்கும். ஜாதகம் வேறு சொல்லும். அப்போது இருந்த ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வு என்பதெல்லாம் வாத்தியார் தேதிப்படிதான். புத்தகத்தில் இரண்டையும் போட்டு ஒரு வரி விளக்கம் கொடுத்தால் பெரியப்பா சண்டைக்கு வர மாட்டார்.

சரி, நோட்டில் இரண்டு பக்கமும் நிரம்பியதும் மூன்றாவதாக ஒன்று செய்ய வேண்டும். அந்த வருஷங்களில் தமிழ்நாட்டு மின்சாரத்துக்கு என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உங்கள் அப்பா வாரியத்தில் சேர்ந்தபோது வாரியத்துக்கு வயது 16. அது உருவானது 1957-ல். அதற்கு முன்னால் அரசின் மின்துறை. பைக்காராவில் 1932-லேயே மின் உற்பத்தி ஆரம்பித்தாகிவிட்டது. எழுபதுகளில் தமிழ்நாடு பெரும்பாலும் நீர்மின்சாரத்தை நம்பியிருந்தது. மழை பொய்த்தால் அணை வற்றும், அணை வற்றினால் மின்வெட்டு. புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளரின் வேலை, இல்லாத மின்சாரத்தை எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்ற பஞ்சாயத்தில்தான் தொடங்கியிருக்கும்.

தஞ்சை, நாகைப் பக்கம் என்றால் பம்ப் செட்டும் ஃபில்டர் பாயின்ட்டும் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) தான் எல்லாம். 1990-ல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதற்கு முன்னால் பம்ப் செட்டுக்குப் பெரும்பாலோர் பணம் கட்ட வேண்டும். பாக்கி வைத்தால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கப் போகிற உதவிப் பொறியாளர், பயிர் காய்கிற நேரத்தில் ஊர் நடுவில் சைக்கிளையோ ஜீப்பையோ நிறுத்திவிட்டு என்ன பேசினார் என்பது ஒரு தனிக் கதை. 1972-ல் கோயம்புத்தூரில் மின் கட்டணத்துக்காக விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நகரத்தையே முடக்கிய கொஞ்ச நாளில்தான் உங்கள் அப்பா வேலைக்கு வந்திருக்கிறார். அந்தச் சூடு எந்த மாவட்டத்திலும் ஆறியிருக்காது. அவர் யாருக்காவது அவகாசம் கொடுத்தாரா, கெடுபிடியாக இருந்தாரா என்று அந்தப் பகுதியின் வயதானவர்களுக்கு இன்னமும் தெரிந்திருக்கும்.

நாகப்பட்டினத்தில் 1977-ல் இருந்தாரா என்று பாருங்கள். அந்த நவம்பர் 12-ம் தேதி புயல் அங்கேதான் கரையைக் கடந்தது. இருந்திருந்தால் புத்தகத்தில் அதற்கு ஓர் அத்தியாயமே கொடுக்கலாம். புயலுக்குப் பிறகு மின்வாரியத்தார் படுகிற பாடு வெளியில் தெரியாது. காற்று நின்றதும் முதல் வேலை, கம்பிகள் செத்துக் கிடக்கின்றனவா, அதாவது மின்சாரம் இல்லாமல் இருக்கின்றனவா என்று நடந்தே பார்ப்பது. அப்புறம் சப் ஸ்டேஷன், மருத்துவமனை, குடிநீர் மோட்டார் என்று வரிசை போட்டு உயிர் கொடுப்பது. வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் ஆட்களும் கம்பங்களும் வரும். பள்ளிக்கூடத் திண்ணையில் படுக்கை, பொட்டலச் சாப்பாடு. அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு எப்போது தகவல் அனுப்பினார், யார் மூலம் அனுப்பினார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவருக்குக் கல்யாணம் ஆனது அதற்குப் பிறகென்றால் அத்தையைக் கேளுங்கள்.

மேட்டூர் காலம் அனல் மின்நிலையம்தானே? அங்கே 210 மெகாவாட் யூனிட்கள் நான்கும் 1987-க்கும் 1990-க்கும் இடையில் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. லைன் வேலைக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இங்கே மூன்று ஷிஃப்ட். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பவரை எழுப்பாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அம்மாவின் வேலை. பகலில் குக்கர் விசில் கூட அடிக்கக் கூடாது. உங்களுக்கே கொஞ்சம் ஞாபகம் இருக்கும். அதை நீங்களே எழுதுங்கள், யாரையும் கேட்க வேண்டாம்.

இனி முக்கியமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அப்பா லைன் பக்கம் இருந்த காலத்தை எழுத வேண்டுமென்றால் எல்.சி. என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய வாங்குகிற அனுமதி. 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பியில் வேலை செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் சப் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, இன்ன ஃபீடர், இன்ன இடம், இன்ன வேலை என்று எல்.சி. கேட்பார். அங்கே இருக்கும் ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து (திறப்பது என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பது), சுவிட்சைத் திறந்து, பூட்டுப் போட்டு, "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்ற பலகையை மாட்டுவார். கம்பியைப் பூமியோடு இணைத்து எர்த் செய்வார். லாக் புத்தகத்தில் நேரம் எழுதி எண் கொடுப்பார். இவர் அதைத் திருப்பிச் சொல்லித் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். இவ்வளவு ஆன பிறகும் கம்பத்தில் ஏறக் கூடாது. கம்பியில் மின்சாரம் இல்லை என்று அந்த இடத்தில் சோதித்து, வேலை நடக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் ஆள் ஏற வேண்டும். ஏனென்றால் எங்கேயோ ஒரு ரைஸ் மில்லில் ஜெனரேட்டர் ஓடினால் போதும், செத்த கம்பி திரும்ப உயிர் பெறும்.

வேலை முடிந்ததும் இது எல்லாம் தலைகீழாக நடக்கும். அதில் ஒரு கட்டாயம் உண்டு. எல்.சி. யார் வாங்கினாரோ அவர்தான் திருப்பித் தர வேண்டும். தருவதற்கு முன்னால் ஆட்கள் எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்களா என்று எண்ண வேண்டும். தலையை எண்ணுவதோடு விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவர் வாயாலும் பதில் வாங்குவார்கள் எங்களில் சிலர். அடுத்த கம்பத்தில் ஒருவன் இருட்டில் நின்றுகொண்டிருக்க, எண்ணிக்கை தவறி எல்.சி. திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எல்லாப் பிரிவு அலுவலகத்திலும் அப்படி ஒரு கதை இருக்கிறது.

நான் சொன்ன வேலையும் வீடும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். எங்கள் கோட்டத்தில் இருந்த ஒருவரின் மகள் சொன்னாள்: எங்கே வெளியூர் போனாலும், பஸ் கிளம்புமுன் அப்பா தன்னையும் தம்பி தங்கைகளையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "இருக்கேன்" என்று சொல்ல வைப்பாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரிதானாம். ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவளுக்கு மானம் போகும். எல்.சி. திருப்புகிற முறையை நான் விளக்கியபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. "எங்களையும் லைனில் நிற்கிற ஆட்கள் மாதிரியே நினைத்துவிட்டார்" என்று சிரித்தாள். உங்கள் வீட்டிலும் இப்படிக் காரணம் தெரியாத பழக்கங்கள் இருக்கும். ஈரக் கையோடு சுவிட்ச் பக்கம் போனால் மட்டும் அடி விழுந்ததா? மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு இரும்புக் கம்பி கட்ட விடாமல் நைலான் கயிறுதான் என்று பிடிவாதம் பிடித்தாரா? பட்டம் விட்டதற்கு மட்டும் பெல்ட்டை எடுத்தாரா? கோடைக்காலத்தில் வீட்டு எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்லி நச்சரித்தாரா? பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேலையில் பார்த்த ஏதோ ஒன்று இருக்கும். அது என்னவென்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

அவரோடு வேலை செய்தவர்கள் என்றால் அதிகாரிகளைத் தேடிப் போகாதீர்கள். மேற்பார்வைப் பொறியாளர்கள் தரும் வாழ்த்துரை எல்லாம் ஒரே அச்சு. போக வேண்டியது லைன்மேன், வயர்மேன், ஃபோர்மேன், லைன் இன்ஸ்பெக்டர், ஹெல்பர், சப் ஸ்டேஷன் ஆபரேட்டர், ஜீப் டிரைவர், கம்பம் நட்ட ஒப்பந்தத் தொழிலாளி, இவர்களிடம். போகும்போது "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், ஒன்றும் கிடைக்காது. "அவர் எப்போது உங்களைத் திட்டினார்?" என்று கேளுங்கள். உடனே வரும். பெல்ட் போடாமல் ஏறியதற்கு, கையுறையைச் சைக்கிள் கேரியரிலேயே விட்டுவிட்டு வந்ததற்கு, உயரழுத்த லைனில் இருக்கிற ஹெச்.ஜி. ஃபியூசுக்குக் கனத்த கம்பியைச் சுற்றியதற்கு. திட்டிய பிறகு டீ வாங்கிக் கொடுத்தாரா, மூன்று நாள் பேசாமல் இருந்தாரா என்றும் கேளுங்கள். அடுத்த கேள்வி, தேர்த் திருவிழா. நாகை, தஞ்சைப் பக்கம் வேலை பார்த்தவருக்குத் தேரோட்டம் இல்லாத வருஷம் கிடையாது. தேர் வருகிற வீதியில் மின்சாரத்தை நிறுத்தி, குறுக்கே போகிற கம்பிகளை இறக்கி, தேர் நகர நகரப் பின்னால் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஊரே வடம் பிடித்துக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தபோது, ஓய்வு பெற்று வீட்டில் இருந்த எங்களுக்கெல்லாம் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அப்பா அன்று என்ன செய்தார், யாருக்குப் போன் செய்தார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

விசாரிக்கும்போது ஒரு விபத்தைப் பற்றித் தெரியவரலாம். லைனில் இருந்த பொறியாளர் பெரும்பாலோர் மனதில் அப்படி ஒன்று இருக்கும். அவர் தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைகள் அதை மறைத்துவிடப் பார்ப்பார்கள். மறைக்க வேண்டாம் என்பேன். ஆனால் இறந்தவரின் பெயரை அவர் குடும்பத்தைக் கேட்காமல் போடாதீர்கள். விசாரணையில் என்ன முடிவானது என்று காகிதம் இருந்தால் அதில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். காகிதம் இல்லாவிட்டால் "அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் இப்படி மாறினார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் துணி எடுத்துக் கொடுத்த அதிகாரிகளை எனக்குத் தெரியும். மனைவிக்கே சொல்லாமல் செய்தவர்கள் அவர்கள்.

அம்மாவுக்கு வருவோம். பாதிப் புத்தகம் அவர்தான். செல்போன் வருவதற்கு முன்னால் பொறியாளர் வீட்டில் ஆபீஸ் போன் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அது அடித்தால் எடுத்தது யார்? அநேகமாக அம்மா. வெளியில் போன கணவர் எந்த ஊரில் இருப்பார், எந்த ஃபீடர் போயிருக்கிறது, எத்தனை மணிக்கு வரும் என்று பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு அந்த ஊர் ஃபீடர்களின் பெயரெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும். சம்பளம் இல்லாத புகார் மையம் அந்த அம்மாக்கள். தெருவில் கரன்ட் போனால் முதலில் நம் வீட்டு வாசலில்தான் கூட்டம் கூடும், "உங்கள் வீட்டில் மட்டும் எரியுதா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு அவர் கிளம்பிப் போன கதை கட்டாயம் இருக்கும். ராக்கெட் போய்க் கம்பியில் மாட்டிக்கொள்கிற நாள் அல்லவா? அம்மாவிடம் டேப் மாதிரி போனை வைத்துவிட்டு ஒரே மூச்சில் பேட்டி எடுக்காதீர்கள். மதியம் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். புகழ்ச்சியோடு கோபமும் வரும். "என் பிரசவத்துக்குக்கூட மறுநாள்தான் வந்தார்" என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். அம்மா சம்மதித்தால் போதும், சித்தப்பாவின் அனுமதி தேவையில்லை.

"நேர்மையானவர்" என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு கறாரான கருத்து உண்டு. எல்லா நினைவு மலரிலும் அது இருக்கிறது, மின்வாரியத்தைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் நமக்குத் தெரியும். புது இணைப்பு, கம்பம் மாற்றுவது, எஸ்டிமேட் போடுவது என்று கை நீட்ட வழி இருக்கிற வேலை இது. ஒரு சம்பவத்தை யாராவது வாய்விட்டுச் சொன்னால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 34 வருஷ வேலைக்குப் பிறகு வீடு கட்ட பி.எஃப். முன்பணமும் கூட்டுறவுச் சங்கக் கடனும் வாங்கியிருக்கிறார் என்றால், அந்தக் கடன் தவணைகள் சம்பளச் சீட்டில் இருக்கும். வாசகர் பார்த்துக்கொள்வார்.

ஓய்வுக்குப் பிறகு உள்ள காலத்தைப் பிள்ளைகள் "பேரப் பிள்ளைகளோடு மகிழ்ச்சியாகக் கழித்தார்" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அநியாயம். உங்கள் அப்பாவின் ஓய்வுக்காலத்தில்தான் தமிழ்நாடு மோசமான மின்வெட்டைப் பார்த்தது. 2008-க்குப் பிறகு சில வருஷம், அதுவும் 2012-ல், சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் இருட்டு. தெருவில் எல்லோரும் அவரைத்தானே கேட்டிருப்பார்கள்? அவர் துறைக்காகப் பரிந்து பேசினாரா, தானும் சேர்ந்து திட்டினாரா? 2010 நவம்பரில் பழைய வாரியம் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிந்தபோது பென்ஷன் என்ன ஆகும் என்று பயந்து சங்கக் கூட்டத்துக்குப் போனாரா? 2018 நவம்பரில் கஜா புயல் அவர் வேலை பார்த்த அதே நாகப்பட்டினத்தையும் வேதாரண்யத்தையும் புரட்டிப் போட்டபோது டிவி முன்னால் உட்கார்ந்து எந்தக் கம்பம் எந்த லைன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரா? அப்புறம் கோயில் குடமுழுக்குக்கு சீரியல் விளக்கு போட்டவர்களிடம் சண்டை, அடுக்குமாடிச் சங்கத்தில் ஜெனரேட்டர் கணக்கு, பக்கத்து வீட்டு பில்லைப் பார்த்து ஸ்லாப் கணக்குச் சொல்வது, பேத்தியின் அறிவியல் பாடத்தில் மின்மாற்றி வரும்போது ஒரு மணி நேரம் வகுப்பெடுத்து அவளைத் தூங்க வைப்பது. இதெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். பேரப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தாத்தா இவர்தான்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், பிறந்த ஊரிலிருந்தும் பெற்றோர் பெயரிலிருந்தும் ஆரம்பிக்க வேண்டாம். அந்த விவரத்தைக் கடைசிப் பக்கத்தில் அட்டவணையாகப் போட்டுக்கொள்ளலாம். வேலை நேரத்தில் இருக்கிற அப்பாவைக் காட்டும் ஒரு சம்பவத்தில் ஆரம்பியுங்கள், அதை ஒரு லைன்மேன் சொன்னதாக இருந்தால் இன்னும் நல்லது. உறவுக்காரர்கள் எல்லோரும் வீட்டில் பார்த்த மனிதரைத்தான் அறிவார்கள். முதல் பக்கத்திலேயே அவர்களுக்குத் தெரியாத ஆளைக் காட்டினால் அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். முடிவு ஆஸ்பத்திரியில் வேண்டாம். நோயும் கடைசி நாட்களும் இரண்டு வரி போதும், அதுவும் நடுவில் எங்காவது வரட்டும். அவர் கடைசியாகக் கையால் ரிப்பேர் செய்த பொருள் எது என்று வீட்டில் விசாரித்து, அதோடு நிறுத்துங்கள். மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ எதுவாக இருந்தாலும் சரி.

புகைப்படங்களுக்கு ஆண்டும் ஊரும் போடுங்கள். அமைச்சரோடு நிற்கிற படத்தை அட்டையில் போட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கம்பத்தடியில் ஆட்களோடு நிற்கிற மங்கலான படம் ஒன்று இருந்தால் அதுவே அட்டைக்கு. படத்தில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் இப்போதே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆட்களுக்கும் எழுபது, எண்பது வயது. ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கிற பக்கங்களை அச்சிடுவதற்கு முன் அந்த இடங்களை மறைத்துவிடுங்கள். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, விளையாட்டு இல்லை. நாற்பது, ஐம்பது பக்கம் போதும். அவர் முதலில் வேலை பார்த்த பிரிவு அலுவலகத்துக்கும் மேட்டூருக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. துறை விஷயம் வருகிற பக்கங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட வேண்டும். 11 கே.வி. என்பதை 11,000 கே.வி. என்று போட்டு, அது நூற்றுக்கணக்கில் அச்சாகி வந்த மலரை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.